முதலில் யாருக்கு வந்தது

வைகாசி 26, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கட்டம் போட்ட நோட்டு. தேதி, அரிப்பு எவ்வளவு (பூஜ்யத்திலிருந்து பத்து வரை), என்ன மருந்து போட்டீர்கள், துணியை வெந்நீரில் துவைத்தீர்களா. அவ்வளவுதான் அதில் இடம். நான் எழுத வேண்டியது அந்தக் கட்டத்துக்குள் கொள்ளாது. அதனால் இந்த நோட்டு. இது ஆஸ்பத்திரிக்கு இல்லை.

ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆறாவதுக்கு அனுப்பாமல் பீடித் தட்டை மடியில் வைத்தது என் சித்தி. அவள் செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. நான் மறக்கவில்லை.

என் மகன் இசக்கிராசாவுக்குத் தொடையில் படர்தாமரை. மினிபஸ் ஓட்டுகிறவன், நாள் பூராவும் இன்ஜின் சூட்டில் உட்கார்ந்திருக்கிறான். உள்ளூரில் மூன்று டாக்டரிடம் காட்டியும் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஆராய்ச்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டுக் கூட்டிப் போனேன். டாக்டர் பெனாசிர் என்று ஒரு சின்னப் பிள்ளை. வட்டத்தின் ஓரத்தில் பிளேடால் மெல்லச் சுரண்டி, உதிர்ந்ததைக் கறுப்புக் காகிதத்தில் பிடித்தது. கோலமாவு சிந்தினதுபோல் இருந்தது.

"இது பழைய படர்தாமரை இல்ல ஆச்சி. முன்னாடியெல்லாம் ரெண்டு வாரம் மாத்திரை போட்டா ஓடிப் போயிரும். இப்ப வர்ற காளான் மாறிப் போச்சு. வழக்கமான மாத்திரைக்கு அசையவே மாட்டேங்குது. அது எப்படி மாறுது, ஒரு வீட்டுல யாருகிட்ட இருந்து யாருக்குப் போகுதுன்னு கண்டுபிடிக்கத்தான் இந்த ஆராய்ச்சி. சொல்லுங்க, உங்க வீட்டுல முதல்ல யாருக்கு வந்துச்சு?"

"என் பேத்திக்குத்தான். மருமவ அவ அம்மா வீட்டுல இருந்து கொண்டாந்தா."

தேதியெல்லாம் எனக்கு மனப்பாடம். பேத்தி மிதுனா தை எட்டாம் தேதி பிறந்தாள், பிரசவம் அவர்கள் ஊர்ப் பக்கம். மாசி இருபதில் பிள்ளை முதுகில் முதல் வட்டம் வந்ததாகப் போன் வந்தது. நான்கு நாள் கழித்துத் தாய்க்காரிக்கு. பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சித்திரை பதினொன்றில் ராசாவுக்கு. ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"ஆச்சி, எங்க ரிஜிஸ்டர்ல கூட இவ்வளவு சுத்தமா இருக்காது" என்று அந்தப் பிள்ளை சிரித்தது. "உங்களுக்கு இருக்கா?"

"எனக்கு எதுக்கு வருது?"

இல்லை என்று எழுதிக்கொண்டது.

வைகாசி 27, செவ்வாய்

ராசாவின் துணிகளை அண்டாவில் வெந்நீர் வைத்து ஊறப்போட்டு, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் போட்டேன். அப்படித்தான் போடவேண்டுமாம். என் துணியைக் கொல்லைப்பக்கம் தனியாகப் போட்டேன். அது எப்போதும் அப்படித்தான். வயசானவள் பாவாடை தெருவைப் பார்த்து ஆட வேண்டியதில்லை.

பீடி எழுநூறு. இலை இன்று மோசம், ஓட்டை.

வைகாசி 29, வியாழன்

மருமகள் ஆவுடைச்செல்வியும் பிள்ளையும் பாப்பாக்குடியில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறார்கள். வைகாசி மூன்றாம் தேதி நான்தான் கொண்டுபோய் விட்டேன். "சீக்க குணமாக்கிட்டு வா, அதுவரைக்கும் என் வாசல மிதிக்காத" என்று சொல்லித்தான் விட்டேன். ராசாவுக்குத் தாய் சொல்லைத் தட்டத் தெரியாது.

செல்வியின் அம்மா பூரணம் வாசலில் நின்று, "என்ன மைனி, பிள்ளையக் கொண்டாந்து இப்படிக் கொட்டுதீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் என் வாய் திறந்துகொண்டது. தண்ணீர் வரும் நேரம். குழாயடியில் இருபது குடம் வரிசையில் இருந்தது, அத்தனை பேரும் கேட்டார்கள். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

பூரணத்துக்கு அது வேண்டியதுதான். இரண்டு வருஷத்துக்கு முன், ஆவணி பன்னிரண்டு, கல்யாணப் பந்தியில் தன் தங்கச்சியிடம் சொன்னாள், "சம்பந்தி பக்கத்துல உக்கார முடியல, ஒரே பீடி நாத்தம்" என்று. நான் பின் வரிசையில்தான் இருந்தேன். மாம்பழக் கலர்ப் பட்டு கட்டியிருந்தாள். முந்தியில் ரசம் கொட்டியிருந்தது. அதுகூட ஞாபகம் இருக்கிறது.

ஆனி 1, ஞாயிறு

ராசாவுக்கு அரிப்பு நான்கு என்று கட்டத்தில் எழுதினேன். எனக்கு அந்த நோட்டில் கட்டம் கிடையாது.

ஆனி 5, வியாழன்

இன்று எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நானும் ராசாவும் ஒரு பஸ்ஸில் போனோம். செல்வியும் பூரணமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு பஸ்ஸில் வந்தார்கள். பெஞ்சின் இந்தக் கோடியில் நாங்கள், அந்தக் கோடியில் அவர்கள்.

பிள்ளையைப் பார்த்தேன். கன்னம் உப்பி உருண்டையாய் இருந்தது. முதலில் சந்தோஷப்பட்டேன், கொழுகொழுவென்று வந்துவிட்டாள் என்று. டாக்டர் பெனாசிரின் முகம் மாறியது. சட்டையைக் கழற்றிப் பார்த்தது. முதுகுத் தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்து, உள்ளே சிவப்பு நரம்பெல்லாம் தெரிந்தது. வட்டம் வட்டமாக இருந்ததெல்லாம் கலைந்து ஒரே செம்படையாகப் பரவிக் கிடந்தது.

"என்ன போட்டீங்க இதுக்கு?"

செல்வி பையிலிருந்து டியூபை எடுத்துக் காட்டினாள். ரோஸ் நிற டியூப், பாதிக்குமேல் பிதுக்கினது.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு. அரிப்ப அமுக்கும், சிவப்ப மறைக்கும். நீங்க போயிடுச்சுன்னு நெனைப்பீங்க. காளான் அடியில உக்காந்து நல்லா வளரும், மருந்துக்கு அசையாம பழகிக்கிடும். அதுவும் இவ்வளவு சின்னப் பிள்ளைக்குத் தோல் வழியா ரத்தத்துலயே இறங்கிரும். இந்த முகம் வீங்கியிருக்கிறது சதை இல்லம்மா. யாரு குடுத்தா இத?"

செல்வி என்னைப் பார்த்தாள். "அத்ததான் குடுத்தாவ. பங்குனி மாசம். ரெண்டே நாள்ல போயிரும்னு சொன்னாவ."

ராசா திரும்பினான். டாக்டரும் திரும்பியது. பூரணமும்.

"நான் எங்க குடுத்தேன்?" என்றேன். "என்கிட்ட ஏது டியூபு? எனக்கு என்ன சொறியா செரங்கா, நான் டியூபு வச்சிருக்க?"

என் வாயிலிருந்து அது வந்த வேகத்தைக் கண்டு எனக்கே ஆச்சரியம். ஒத்திகை பார்த்ததுபோல் வந்தது.

ராசா அவளை அத்தனை பேர் முன்னால் ஏசினான். "பண்றதயும் பண்ணிட்டு எங்க அம்மா மேல பழி போடுதியா? உன்ன நம்பிப் பிள்ளைய விட்டம் பாரு" என்றான். செல்வி பிள்ளைக்குச் சட்டையை மாட்டினாள். பூரணம் டியூபைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஏச்சாக இருந்தால் பதில் கொடுத்திருப்பேன்.

டியூபை உடனே நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினால் முதலில் அதிகமாகும், பயப்படக் கூடாது, பிள்ளைக்கு வாரா வாரம் ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொன்னார்கள். செல்வி பால் கொடுப்பதால் அவளுக்கு மாத்திரை கிடையாதாம். களிம்பை வைத்தே ஓட்ட வேண்டுமாம்.

ஆனி 6, வெள்ளி

அந்த டியூப் வேர்க்குருவுக்காக வாங்கினது. யார் வீட்டில்தான் இல்லை. மெடிக்கலில் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். கெடுதல் என்றால் ஏன் விற்கிறார்கள்?

ஆனி 7, சனி

பீடி நானூறு. கை ஓடவில்லை.

ஆனி 12, வியாழன்

டாக்டர் பெனாசிர் வீட்டுக்கே வந்தது, ஒரு நர்சையும் கூட்டிக்கொண்டு. பாப்பாக்குடி போய்விட்டு வருகிறார்களாம்.

"அங்க வீட்டுல இருக்கிற எல்லாரையும் பார்த்தோம். செல்வியையும் பாப்பாவையும் தவிர யாருக்கும் இல்ல. ஒரு தழும்பு கூட இல்ல. முன்னாடி வந்ததும் இல்ல." நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தது. "பாவம் ஆச்சி அந்தம்மா. வாசல்ல இட்லி போட்டு விப்பாங்களாமே, தெருவே அங்கதான் வாங்குமாம். ஒரு மாசமா ஒரு ஆள் வரலையாம். யாரோ ஒரு பொம்பள தெருவுல நின்னு 'இது சொறி பிடிச்ச வீடு, இவ கையால தின்னா உங்க பிள்ளைகளுக்கும் வரும்'னு கத்திட்டுப் போனாளாம். இட்லி மூலமா இது பரவவே பரவாது. இத யாரு போய் எல்லாருக்கும் சொல்றது?"

ராசா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் இலையைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொம்பளை யார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. பூரணம் சொல்லவில்லை. அவள் ஏன் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை. நானாக இருந்தால் பேர், ஊர், கட்டியிருந்த சேலை நிறம் எல்லாம் சொல்லியிருப்பேன்.

"அப்ப பாப்பாவுக்கு எங்க இருந்து வந்துச்சுங்கிறதுதான் கேள்வி. இந்தக் காளான் துணியில மாசக்கணக்குல உயிரோட இருக்கும். பிறந்தப்ப பிள்ளைய யாரோட துணியில சுத்துனீங்க?"

ராசா நிமிர்ந்தான். இதில் அவனுக்குப் பெருமை. "எங்க அம்மா சேலைதான் டாக்டர். அப்பாவப் பெத்தவ உடுத்துன பழைய சேலையக் கிழிச்சுத்தான் எங்க வீட்ல முதல் துணி. அந்த ஆயுசு பிள்ளைக்கு வரும்பாங்க. அம்மாவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து சுத்துனாங்க. மூணு மாசமும் அந்தத் துணிதான்."

டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தது. "ஆச்சி, உங்களையும் ஒரு தடவ பார்த்துருவோமா? நர்சம்மா மட்டும் பாப்பாங்க. கதவச் சாத்திக்கலாம்."

"அறுபத்து நாலு வயசு. என் புருசன் போய்ப் பதினாறு வருசம். இனிமே எவகிட்ட நான் சேலைய அவுத்துக் காட்டணும்?"

"உங்க இஷ்டம் இல்லாம பார்க்க மாட்டோம் ஆச்சி" என்று எழுந்தது. கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு மாசம் ஓட்டியிருப்பேன்.

ஆனி 13, வெள்ளி

போன ஆடி இருபத்தொன்று, செவ்வாய்க்கிழமை.

இடுப்பில், பாவாடை நாடா இறுகும் இடத்தில், நாலணாக் காசு அளவு. நாள் பூராவும் தட்டை மடியில் வைத்து, ஈரச் சாக்கில் இலையைப் பொதிந்து பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். இடுப்பு காய்வதே கிடையாது. மெடிக்கலில் யாருக்கு என்று கேட்டதற்கு மகனுக்கு என்றேன். ரோஸ் டியூப். இரண்டு நாளில் அடங்கியது. நிறுத்தினதும் திரும்ப வந்தது, முன்னைவிடப் பெரிதாக. இப்படியே பதினோரு மாசம். எத்தனை டியூப் என்று எனக்குத் தெரியும், எழுதவில்லை. இப்போது முன்னும் பின்னும் சுற்றிவிட்டது. அரைஞாண் போல.

தை மாசம் அடங்கியிருந்த நேரம். கிளிப்பச்சையில் அரக்குக் கரை போட்ட அந்தச் சேலையை என் கையாலேயே நான்காகக் கிழித்தேன். பத்து வருஷம் உடுத்தி, வெண்ணெய்போல் ஆகியிருந்தது. அரிப்பு இல்லை, அதனால் நோய் இல்லை என்று நினைத்தேன்.

நினைத்தேன் என்று எழுதுவதும் பொய்தான். நான் நினைக்கவே இல்லை. மாசி இருபதில் போன் வந்தபோது நினைத்தேன். நினைத்த அந்த நிமிஷமே, "உங்கம்மா வீடு சுத்தபத்தமா இருந்தா ஏம்ட்டி வருது?" என்று செல்வியிடம் கேட்டுவிட்டேன். பங்குனியில் டியூபைக் கொடுத்ததுகூட, அடங்கிவிட வேண்டும், யாரும் பார்க்கக் கூடாது என்றுதான்.

எல்லோருடைய தேதியையும் ஒப்பித்தேனே, அதற்குத்தான் ஒப்பித்தேன். அத்தனை தேதி சொல்கிறவளிடம் இன்னொரு தேதி ஒளிந்திருக்கும் என்று யார் சந்தேகப்படுவார்கள்?

ஆனி 20, வெள்ளி

சோதனை முடிவு வந்துவிட்டதாம். ராசா, செல்வி, பிள்ளை மூன்று பேரிடமும் எடுத்தது ஒரே காளான். மரபணுவிலேயே பார்த்துவிட்டார்களாம், வழக்கமான மாத்திரையை ஏமாற்றுகிற மாதிரி மாறியிருக்கிறதாம். ராசாவுக்கு வேறு மாத்திரை, இரண்டு மாசத்துக்கு. பிள்ளைக்கு முகவீக்கம் வற்றிக்கொண்டு வருகிறது. டியூபை நிறுத்தின முதல் வாரம் கத்திய கத்தலில் பாப்பாக்குடியே தூங்கவில்லையாம். இப்போது பரவாயில்லையாம்.

"பிள்ளையப் பார்க்காம இருக்க முடியலம்மா. அடுத்த வெள்ளி கூட்டியாந்துருதேன்" என்றான் ராசா.

சரி என்றேன். வேறு என்ன சொல்ல.

ஆனி 27, வெள்ளி

வந்துவிட்டார்கள். செல்வி வாசற்படிக்கு வெளியே நின்றாள். "மிதிக்கலாமா அத்த?" என்று கேட்டாள். குத்தலா, மரியாதையா, தெரியவில்லை. "வா" என்றேன்.

பிள்ளை இளைத்திருக்கிறாள். இப்போதுதான் அவள் முகம் அவள் முகமாக இருக்கிறது. என் மாமியார் சாடை.

நான் தூக்கவில்லை.

ஆனி 28, சனி

தூக்கவில்லை. பீடிக் கை என்று சொன்னேன்.

ஆனி 29, ஞாயிறு

ராசா டூட்டிக்குப் போய்விட்டான். செல்வி அரிசி களைந்துகொண்டிருந்தாள். பிள்ளையைப் பாயில் குப்புறப் போட்டிருந்தாள். அது வயிற்றாலேயே நீந்தி நீந்தி என் பக்கம் வந்தது. தட்டின் விளிம்பைப் பிடித்தது. நான் தட்டைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நகர்ந்தேன். மறுபடியும் வந்தது. நான் மறுபடியும் நகர்ந்தேன். அது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. மூன்றாம் தடவை நான் எழுந்தே போய்விட்டேன். அப்போதுதான் அழ ஆரம்பித்தது.

செல்வி ஈரக் கையோடு வந்து பிள்ளையை வாரிக்கொண்டாள்.

"நாயக்கூட இப்படி வெலக்க மாட்டாவ அத்த. என் மேல கோவம்னா என்ன நாலு அடி அடிங்க. பிள்ள என்ன செஞ்சுது? பொம்பளப் பிள்ளையாப் போச்சுன்னா? இல்ல, இன்னமும் சீக்குப் பிள்ளைன்னா? டாக்டரே தூக்கிக் கொஞ்சுதாவ, பெத்தவனப் பெத்தவ நீங்க, ஒரு விரலு படக் கூடாதாக்கும்!"

"எனக்குத்தாம்ட்டி சீக்கு" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. சேலை முந்தியை விலக்கி, பாவாடை நாடாவை ஒரு சாண் இறக்கினேன். நல்ல வெளிச்சம். பார்த்துவிட்டாள்.

"போன ஆடியில இருந்து இருக்கு. நீ முழுகாம இருக்கும்போதே. அந்தச் சேலையில போச்சு. டியூபும் நான்தான் குடுத்தேன். உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

ஏசுவாள் என்று காத்திருந்தேன். அதற்கு எனக்குப் பதில்கூட இருந்தது, எதற்கும் என்னிடம் பதில் இருக்கும். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அரிசி தண்ணீரிலேயே கிடந்தது. நான் எடுத்து உலையில் போட்டேன். பிறகு, அதை நான் தொடலாமா என்று ஒரு நிமிஷம் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சோறு வடிக்கும் நேரத்தில் வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. குரல் வீங்கவில்லை.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. அவர்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். எங்க அம்மை தெருவுல யாரு சொல்லுவா?"

ஆனி 30, திங்கள்

ஆஸ்பத்திரி. செல்விதான் கூட வந்தாள். ராசா பேசவில்லை. காலையில் நான் வைத்த காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். அவன் டம்ளர் கழுவியதை முப்பத்திரண்டு வருஷத்தில் இன்றுதான் பார்க்கிறேன்.

நர்ஸ் சுரண்டி எடுத்தாள். கறுப்புக் காகிதத்தில் என்னுடைய மாவு. டாக்டர் பெனாசிர் பார்த்துவிட்டு, "இவ்வளவையும் வச்சுக்கிட்டு எப்படி ஆச்சி உக்காந்து பீடி சுத்துனீங்க?" என்றுதான் கேட்டது. அதற்குத்தான் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பதினோரு மாசத்தில் அதை யாரும் கேட்டதில்லை. கேட்க யாருக்கும் தெரியாது, அது வேறு.

"என்னைய ஏசும்மா" என்றேன்.

"எதுக்கு? இந்த டியூபு, இந்த ஒளிவுமறைவு, வாரத்துக்கு முப்பது வீடு பாக்குறேன். எல்லா வீட்லயும் ஒருத்தர் 'எனக்கு இல்ல'ன்னு சொல்றாங்க. நீங்க வந்து சொல்லிட்டீங்க. நீங்க வைத்தியம் பார்க்காம இருந்தா பாப்பாவுக்கு எத்தன தடவ குணமாக்கினாலும் திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கும்."

முதல் நாள் எழுதின ஃபாரத்தை எடுக்கச் சொன்னேன். முதல் வரிசையில் 'பேத்தி, மருமகளின் தாய் வீட்டிலிருந்து' என்று இருந்ததை அந்தப் பிள்ளை அடித்தது. என் பேரைச் சொன்னேன். சண்முகவடிவு. தேதியையும் சொன்னேன்.

ரத்தம் எடுத்து ஈரல் சோதனை. மாத்திரை இரண்டு மாசம். பிள்ளையைத் தூக்க இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும், டாக்டர் பார்த்துச் சொல்லும்.

ஆனி 32, புதன்

பாப்பாக்குடி போனேன். தனியாகத்தான்.

பூரணம் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டரில் கால்படி அளவுதான் கிடந்தது. நாற்காலி போட்டாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆடி இருபத்தொன்றிலிருந்து.

கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடித்ததும், "இதச் சொல்ல உங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சு" என்றாள்.

"ஆச்சு."

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில அந்த டியூபப் பாத்ததுமே எனக்குத் தெரியும். மூடிக்குள்ள பீடித்தூளு."

"அப்ப ஏன் மைனி சொல்லல? டாக்டரம்மா இங்க வந்தப்பவும் என் பேரச் சொல்லலியே."

"எம்மவ உங்க வீட்லல்லா வாழணும். உங்க மொகத்துல கரியப் பூசிட்டு அவள அங்க எப்படி அனுப்புவேன்? உங்களுக்காகவா சொல்லாம இருந்தேன்னு நெனச்சீங்க?"

மன்னிச்சிருங்க மைனி என்று சொல்லத்தான் போயிருந்தேன். அந்த வார்த்தை இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சொன்னேன்.

"எனக்கு எதுக்கு அது? நீங்க என்ன வீட்டுக்குள்ள வந்தா ஏசுனீங்க? குழாயடியில வச்சுத்தான சொன்னீங்க. அங்க சொல்லுங்க. காலையில ஆறு மணிக்குத் தண்ணி வரும்." கிரைண்டரைப் போட்டுவிட்டாள். கல் சத்தத்துக்கு மேலே திரும்பவும், "நான் உங்கள பீடி நாத்தம்னு சொன்னத நீங்க கேட்டுட்டீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அதுக்கு இது ரொம்ப அதிகம் மைனி" என்றாள்.

அதிகம்தான்.

ஆடி 1, வியாழன்

முதல் பஸ்ஸில் போய் ஆறு மணிக்குக் குழாயடியில் நின்றேன். அதே குடங்கள், அதே முகங்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி மற்றவளை இடித்தாள், இன்றைக்கும் கூத்து உண்டு என்று.

வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. எனக்கு மறந்தது!

"வைகாசி மூணாம் தேதி இங்க நின்னு பூரணம் வீட்டச் சொறி வீடுன்னு சொன்னது நான்தான். பொய் சொன்னேன். சீக்கு எனக்கு. எங்கிட்ட இருந்துதான் பிள்ளைக்குப் போச்சு. இந்த வீட்ல ஒருத்தருக்கும் இல்ல, டாக்டர் வந்து பாத்துட்டாவ. இட்லியில வராது, அதையும் டாக்டர்தான் சொல்லுச்சு."

தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாரும் குடத்தை எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கிழவர், "அப்ப நீயே இங்க நிக்காத தாயி, தள்ளிப் போ" என்றார். சிரித்தார்கள்.

பூரணத்தின் வாசலில் இட்லித் தட்டு மூடியபடியே இருந்தது. யாரும் வாங்கவில்லை.

ஆடி 2, வெள்ளி

திரும்பவும் போனேன். திரும்பவும் சொன்னேன். ஒரு பிள்ளைத்தாச்சி வந்து ஆறு இட்லி வாங்கினாள். அவள் மாமியார் வந்து பாத்திரத்தோடு இழுத்துக்கொண்டு போனாள்.

ராசா இன்று என்னிடம் ஒரு வார்த்தை பேசினான். "மாத்திரை?" என்றான். போட்டுவிட்டேன் என்றேன்.

ஆடி 3, சனி

மூன்றாம் நாள். சொல்ல வாயெடுக்கும் முன்பே பச்சை நைட்டி போட்ட ஒருத்தி, "போதும்மா, தெருவுக்கே மனப்பாடம் ஆயிட்டு" என்றாள். வைகாசி மூன்றாம் தேதி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அவள்தான். எனக்குத் தெரியும். நான் பூரணத்தின் வாசலில் போய், கொஞ்சம் எட்டத்தில் நின்றுகொண்டேன்.

தண்ணீர் நின்ற பிறகு அந்தப் பச்சை நைட்டி பாத்திரத்தோடு வந்தது. நான்கு இட்லி கேட்டது. பூரணம் எடுத்து வைக்கும்போது என் பக்கம் சாய்ந்து, உதட்டை அசைக்காமல், "உங்களுக்கு எங்க வந்துச்சு?" என்று கேட்டது.

"இடுப்புல" என்றேன், சத்தமாகவே.

"எனக்குத் தொடையிலக்கா. எட்டு மாசமா. வீட்டுக்காரருக்குத் தெரியாது." முறத்தால் மறைப்பதுபோல் பாத்திரத்தால் மறைத்துக்கொண்டு ஒரு டியூபைக் காட்டினாள். ரோஸ் நிறம். "இதப் போட்டா அடங்குது."

"அடங்கும். அதத் தூரப் போட்டுட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. பெனாசிர்னு டாக்டர் இருக்கு, ஏசாது. வீட்டுக்காரனையும் கூட்டிக்கிட்டுப் போ. அவனுக்கும் இருக்கும்."

அவள் போனதும் இன்னொருத்தி வந்தாள். அவள் இட்லி வாங்கவே இல்லை, கேட்டுவிட்டுப் போனாள். பிறகு இன்னும் ஒருத்தி, தன் மகளுக்காக என்று சொன்னாள். மகளுக்கு இல்லை. எனக்குத் தெரியாதா.

"நல்லாருக்கு. உங்களுக்குத்தான் வியாபாரம், எனக்கு நாலு இட்லி" என்றாள் பூரணம். சிரிக்கவில்லை. சிரிக்காமல்தான் சொன்னாள். ஆனாலும் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

மிச்சம் இருந்ததில் மூன்றை இலையில் எடுத்துச் சட்னி ஊற்றி எனக்கு முன்னால் வைத்தாள். "தின்னுட்டுப் போங்க. மாத்திரையை வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு செல்வி சொன்னா. இங்க வீணாத்தான் போவுது."

தெருவைப் பார்த்து உட்கார்ந்து மூன்றையும் தின்றேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்று மெதுவாகத் தின்றேன்.

சட்னியில் உப்புக் கம்மி. சொல்லவில்லை.